‘அனேபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்’: சூடோ முணுமுணுத்தால் எங்கே பார்ப்பது

லினக்ஸில் சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டும் முன்சொல்) போட்டு எதைத் தட்டினாலும் முதலில் இந்த வரி வந்து நிற்கிறதா?

சூடோ: அனேபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட் கவுன்டர்2: நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்

அதற்குப் பிறகு கட்டளை ஒழுங்காக ஓடியும் விடும். அதனால்தான் பல அலுவலகங்களில் இதை மாதக்கணக்கில் கண்டுகொள்வதில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை இடிமழைக்கு இன்டர்நெட் லைன் போகும் நாளில்தான் தொல்லை தெரியும். கடவுச்சொல் கேட்பதற்கே சூடோ பத்து விநாடி, இருபது விநாடி எடுத்துக்கொள்ளும். உடனே லைனைத் திட்டுவார்கள், மோடத்தை அணைத்துப் போடுவார்கள். லைன் மேல் குற்றமில்லை. தன் பெயர் என்னவென்று அந்தக் கணினிக்குத் தெரியும்; அந்தப் பெயருக்கான முகவரி அதனிடம் இல்லை. ஒரு கோப்பில் ஒரு வரி சேர்த்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

இங்கே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது, பெரிய எழுத்து என்று சொல்லாத எல்லா இடத்திலும் ஆங்கிலச் சிற்றெழுத்து. இடைவெளி, சாய்கோடு, சிறுகோடு அனைத்தும் இங்கே இருக்கும் இடத்திலேயே. குழப்பம் வரக்கூடிய இடத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறோம்.

சூடோவுக்குக் கணினியின் பெயர் எதற்கு?

நிர்வாகி அனுமதிகள் எழுதப்பட்டிருக்கும் சூடோயர்ஸ் கோப்பில் ஒவ்வொரு விதியும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்கிறது: யார், எந்தக் கணினியில், எதை ஓட்டலாம். வழக்கமாக ஆல் = (ஆல்:ஆல்) ஆல் என்று பெரிய எழுத்தில் இருப்பதில் முதல் ஆல்தான் கணினிக்கான இடம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை, பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கிளை, இரண்டுக்கும் ஒரே சூடோயர்ஸ் கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கர் தலைமைக் கடையின் கணினியில் மட்டும் நிர்வாகி, கிளையில் சாதாரணப் பயனர் என்று ஒரே கோப்பில் எழுதிவிடலாம். அதற்காகத்தான் சூடோ ஒவ்வொரு முறையும் ‘நான் எந்தக் கணினியில் ஓடுகிறேன்’ என்று பார்க்கிறது. எஃப்க்யூடிஎன் என்ற அமைப்பு இயங்கும் இடங்களில் வெறும் பெயரோடு நிற்காமல் முழுப் பெயரையும் தேடிப் போகும். டெபியன் குடும்பத்தில் பல காலம் அந்த அமைப்பை இயக்கியே சூடோவைக் கட்டி வெளியிட்டார்கள். உபுன்டு, மின்ட், ராஸ்பெரி பை ஆட்களுக்கு இந்த வரி நன்கு பழகியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் செய்தியின் வாலைப் படியுங்கள்

பெயருக்குப் பின்னால் வரும் சொற்களே பாதி விடை.

‘நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்’ என்றால் கேட்ட இடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. அப்படி ஒரு பெயர் கிடையாது என்பதே அந்தப் பதில். பெயருக்கு முகவரி எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் வரி விடுபட்டிருக்கும், அல்லது எழுத்துப் பிழை இருக்கும்.

‘டெம்பரரி ஃபெய்லியர் இன் நேம் ரெசல்யூஷன்’ என்றால் பதிலே வரவில்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பில் வரி இல்லாததோடு, பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சேவையகத்தையும் எட்ட முடியவில்லை. மேலே சொன்ன இடிமழை நாள் இதுதான். காத்திருக்கும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. லினக்ஸின் ரிசால்வர் (பெயருக்கு முகவரி தேடும் பகுதி) ஒரு சேவையகத்துக்கு 5 விநாடி காத்திருந்து, இரண்டு சுற்று முயலும். ஒரே ஒரு சேவையகம் குறித்திருந்தால் 10 விநாடி, இரண்டு என்றால் 20. அதிகபட்சம் மூன்றுதான் குறிக்கலாம், ஆக அரை நிமிடம்.

வால் எதுவாக இருந்தாலும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சரியான வரி இருந்தால் தேடல் வெளியே போகவே போகாது. இரண்டாவது வகை என்றால், வரியைச் சேர்த்த பிறகு டிஎன்எஸ்ஸையும் தனியாகக் கவனிக்க வேண்டும்.

இரண்டு கோப்பு, ஒரு பெயர்

/ஈடிசி/ஹோஸ்ட்நேம் என்ற கோப்பில் கணினியின் பெயர் மட்டும் இருக்கும், ஒரே வரி. /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பில் எந்த முகவரிக்கு எந்தப் பெயர் என்ற பட்டியல் இருக்கும். (ஈடிசி என்பது இ, டி, சி என்ற மூன்று எழுத்து.) முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவதே இந்தப் பிழையின் மிகப் பெரிய காரணம். மறப்பதற்கு மனிதர் கூடத் தேவையில்லை. உபுன்டுவின் அமைப்புகளில் ‘டிவைஸ் நேம்’ பெட்டியில் பெயரை மாற்றினாலும், ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையால் மாற்றினாலும், முதல் கோப்பு மட்டுமே மாறும். ராஸ்பெரி பையின் ராஸ்பி-கான்ஃபிக் இரண்டையும் சேர்த்தே மாற்றும். அங்கே அதையே பயன்படுத்துங்கள்.

கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பக்கம் வாங்கிய பழைய கணினிகளில் இது அடிக்கடி நேரும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய பெட்டியைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் ஒரு கணினியில் மின்ட் ஏற்றி, அந்த டிஸ்க்கை அப்படியே நான்கைந்து கணினிக்கு நகலெடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ‘மின்ட்-பிசி’ என்றே பெயர். பிறகு ஒவ்வொன்றுக்கும் பெயர் மாற்றும்போது ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய மின்ட்-பிசி உட்கார்ந்துகொண்டிருக்கும்.

சரிசெய்யும் முறை

தற்போதைய பெயர் என்ன என்று பாருங்கள்:

ஹோஸ்ட்நேம்

கவுன்டர்2 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முகவரி கிடைக்கிறதா என்று சோதியுங்கள்:

கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கவுன்டர்2

கெட்என்ட் என்பது ஜி, இ, டி, இ, என், டி, இடைவெளி இல்லாமல். பதிலாக ஒரு முகவரியும் பெயரும் வந்தால் நலம். ஒன்றுமே வராமல் அடுத்த வரிக்குப் போய்விட்டால் அங்கேதான் ஓட்டை. இந்தச் சோதனைக்கு என்எஸ்லுக்அப்பையோ டிக்கையோ நம்ப வேண்டாம். அவை ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திரும்பியும் பார்க்காமல் நேரே டிஎன்எஸ்ஸிடம் போகும்; எல்லாம் சரியாக இருக்கும்போதும் ‘இல்லை’ என்று சொல்லி அலைக்கழிக்கும். சூடோ நடக்கும் பாதையிலேயே நடப்பது கெட்என்ட்தான்.

திருத்துவதற்கு முன் ஒரு நகல்:

சூடோ சிபி /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்.அசல்

பிறகு:

சூடோ நானோ /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்

எச்சரிக்கை வரி இப்போதும் வரும், வரட்டும். கோப்பின் தலைப்பகுதி இப்படி இருக்க வேண்டும்:

127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட்
127.0.1.1 கவுன்டர்2

இரண்டாம் வரியில் பழைய பெயர் இருந்தால் புதிய பெயராக்குங்கள். வரியே இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். முகவரிக்கும் பெயருக்கும் நடுவில் இடைவெளியோ டேபோ, எதுவும் சரி. கீழே இரட்டைப் புள்ளிகளோடு இருக்கும் ஐபிவி6 வரிகளைத் தொட வேண்டாம். சேமிக்க கன்ட்ரோல்+ஓ, என்டர்; வெளியேற கன்ட்ரோல்+எக்ஸ். மறுபடி கெட்என்ட் போட்டுப் பாருங்கள், அதன் பிறகு ‘சூடோ ட்ரூ’ என்று தட்டுங்கள். அந்தக் கட்டளை ஒன்றும் செய்யாது, சோதனைக்கு உகந்தது. கடவுச்சொல் கேட்கும் வரியைத் தவிர எதுவும் திரையில் வராவிட்டால் தீர்ந்தது. கணினியை மறுபடி தொடங்க வேண்டியதில்லை.

127.0.1.1 ஏன், 127.0.0.1 போதாதா? சூடோவுக்குப் போதும். நிலையான ஐபி இல்லாத கணினிகளுக்கு டெபியன் வகுத்த வழக்கம் அது. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரும் கணினியின் சொந்தப் பெயரும் ஒரே முகவரியில் கலந்துவிடாமல் இருப்பது பின்னால் மெயில் சேவையகம் போன்றவற்றை அமைக்கும்போது உதவும். 127-இல் தொடங்கும் முகவரி எல்லாமே அந்தக் கணினிக்குள்ளேயே சுற்றுவதால் நெட்வொர்க்கில் வேறு எதனோடும் மோதாது. சேவையகத்துக்கு நிலையான ஐபி இருந்தால் 127.0.1.1-க்குப் பதில் அதையே எழுதுங்கள்.

முழுப் பெயரும் வேண்டும் என்றால் நீளமானது முதலில், சுருக்கம் பின்னால்:

127.0.1.1 கவுன்டர்2.கடை.இன்டர்னல் கவுன்டர்2

வரிசை மாறினால் ‘ஹோஸ்ட்நேம் -எஃப்’ தவறான விடை தரும். பெயரின் வாலாக .லோக்கல் வைக்காதீர்கள், அது எம்டிஎன்எஸ்ஸுக்கு (ஒரே நெட்வொர்க்கிலுள்ள சாதனங்கள் ஒன்றையொன்று பெயரால் தேடும் முறை) ஒதுக்கப்பட்டது. சொந்த நெட்வொர்க்குக்கு .இன்டர்னல் நல்லது. உலக டிஎன்எஸ்ஸில் அதை யாருக்கும் கொடுப்பதில்லை என்று, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் 2024-இல் முடிவு செய்தது.

நானோ இல்லாமல் ஒரே வரியில் முடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விழுவது இங்கே: ‘சூடோ எக்கோ’ என்று தொடங்கி, இறுதியில் > குறி போட்டு ஹோஸ்ட்ஸ் கோப்புக்கு அனுப்புவார்கள். அந்தக் குறியை இயக்குவது ஷெல், அதாவது நீங்கள் தட்டுவதைப் படித்து ஓட்டும் நிரல். சூடோவின் அதிகாரம் அதற்குக் கிடையாது. ‘பெர்மிஷன் டினைட்’ வரும். அது நல்லதுக்குத்தான், அனுமதி கிடைத்திருந்தால் கோப்பு முழுக்கத் துடைக்கப்பட்டிருக்கும். சரியான வடிவம்:

எக்கோ "127.0.1.1 கவுன்டர்2" | சூடோ டீ -ஏ /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்

அந்த -ஏ சிறிய எழுத்து. அது விடுபட்டால் டீ பழையதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிய வரியை மட்டும் வைக்கும். லோக்கல்ஹோஸ்ட் வரியும் போய்விடும். நகல் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பெயர் மாற்றும்போது வரிசை

பிழை வந்த பிறகு திருத்துவதைவிட வராமல் பார்ப்பது எளிது. முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய பெயரை விட்டுவைத்து, அதே வரியில் புதிய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்து:

சூடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம் கவுன்டர்3

(ஹோஸ்ட்நேம் என்ற சொல்லோடு சி, டி, எல் ஒட்டி வரும்.) திறந்திருக்கும் டெர்மினலில் பழைய பெயரே தெரியும், மூடித் திறந்தால் மாறிவிடும். சோதித்துவிட்டுப் பழைய பெயரை நீக்குங்கள்.

பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு மட்டும். சிறுகோடு தொடக்கத்திலோ முடிவிலோ கூடாது. அடிக்கோடு கூடாது, இடைவெளியும் கூடாது. லினக்ஸ் 64 எழுத்து வரை இடம் கொடுக்கும், ஆனால் கடையில் விண்டோஸ் கணினிகளும் இருந்து சாம்பா வழியாகக் கோப்பு பகிர்வதாக இருந்தால் 15-க்குள் நிறுத்துங்கள். விண்டோஸ் கணினிகளின் பழைய பெயர் முறையான நெட்பயாஸின் எல்லை அது. ‘பிஎஃப்-கவுன்டர்-1’, ‘பிஜி-கவுன்டர்-1’ என்று ஊரை முன்னால் வைத்தால் பிரிக்ஃபீல்ட்ஸ் எது, பினாங்கு எது என்று பார்த்தவுடன் தெரியும். தமிழில் பெயர் வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. செட்-ஹோஸ்ட்நேம் என்பதற்குப் பின் --பிரிட்டி சேர்த்து "கல்லாப்பெட்டி 2" என்று மேற்கோள் குறிக்குள் எழுதலாம். அது காட்சிக்கான பெயர். தனிக் கோப்பில் போய் உட்காரும், சூடோவைத் தொந்தரவு செய்யாது.

வரி சரியாக இருந்தும் பிழை போகவில்லையா?

கண்ணுக்குத் தெரியாத எழுத்தைச் சந்தேகப்படுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ ஒட்டிய வரியில் சாதாரண இடைவெளிக்குப் பதில் ‘உடையா இடைவெளி’ வந்துவிடும். திரையில் வித்தியாசமே தெரியாது. லினக்ஸ் அதை இடைவெளியாக ஏற்காது, முகவரியும் பெயரும் ஒரே சொல்லாக ஒட்டிவிடும். இப்படிப் பாருங்கள்:

கேட் -ஏ /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்

இங்கே ஏ பெரிய எழுத்து. ஒவ்வொரு வரியின் முடிவிலும் $ இருக்கும், டேப் இருந்த இடத்தில் ^ஐ இருக்கும், இரண்டும் சரி. இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் எம்-பிஎம்- என்று எழுத்துகள் வந்தால் அதுதான் ஆசாமி. வரியை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

அடுத்த இடம் /ஈடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப். அதில் ஹோஸ்ட்ஸ்: என்று தொடங்கும் வரியில் ஃபைல்ஸ் என்ற சொல் இருக்க வேண்டும், டிஎன்எஸ்ஸுக்கு முன்னால். அது இல்லையென்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் என்ன எழுதினாலும் யாரும் படிக்கப் போவதில்லை. அதே வரியில் மைஹோஸ்ட்நேம் என்ற சொல்லும் இருந்தால் கணினி தன் பெயருக்குத் தானே விடை சொல்லிக்கொள்ளும். ஃபெடோராவில் இந்தப் பிழை அரிதாக வருவது அதனால்தான். டெபியனில் லிப்என்எஸ்எஸ்-மைஹோஸ்ட்நேம் தொகுப்பை நிறுவினால் அதே வசதி கிடைக்கும்.

‘நேற்று வரை வரவில்லை, கோப்பு எதையும் தொடவில்லை, இன்று வருகிறது’ என்பவர்களிடம் ஒரு கேள்வி: விளம்பரத்தைத் தடுக்கும் பை-ஹோல் அல்லது ஆட்கார்ட் ஏற்றினீர்களா? உபுன்டுவில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சேவை கணினியின் சொந்தப் பெயருக்குத் தானாக விடை கொடுத்துவிடும்; ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருக்கும் குறையை அது மறைத்தே வைத்திருக்கும். விளம்பரத் தடுப்பு மென்பொருளுக்கு 53-ஆம் போர்ட் வேண்டும் என்பதற்காக அந்தச் சேவையை நிறுத்தியதும் பழைய குறை வெளியே வருகிறது. ஹோஸ்ட்ஸ் வரியைச் சேருங்கள். கூடவே /ஈடிசி/ரிசால்வ்.கான்ஃப் எங்கே சுட்டுகிறது என்று ‘எல்எஸ் -எல்’ போட்டுப் பாருங்கள். ஸ்டப் என்ற பெயருள்ள கோப்பைச் சுட்டினால், அதிலுள்ள 127.0.0.53-இல் இப்போது பதில் சொல்ல யாரும் இல்லை. ரிசால்வ்டு ஓடிக்கொண்டிருக்க, ஸ்டப் (53-ஆம் போர்ட்டில் பதில் சொல்லும் அதன் பகுதி) மட்டும் நிறுத்தப்பட்டிருந்தால் /ரன்/சிஸ்டம்டி/ரிசால்வ்/ரிசால்வ்.கான்ஃப் கோப்புக்கு இணைப்பை மாற்றுங்கள்.

ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் நீங்கள் எழுதிய வரி காணாமல் போகிறதா? யாரோ கோப்பைத் திரும்ப எழுதுகிறார்கள். மேகக் கணினி என்றால் அது கிளவுட்-இனிட், அதாவது தொடங்கும்போது அமைப்புகளை எழுதும் நிரல். ஹோஸ்ட்ஸ் கோப்பின் தலையிலேயே மேனேஜ்_ஈடிசி_ஹோஸ்ட்ஸ் என்று எச்சரிக்கை எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. /ஈடிசி/கிளவுட்/டெம்ப்ளேட்ஸ் அடைவிலுள்ள மாதிரிக் கோப்பைத் திருத்துங்கள், அல்லது கிளவுட்.சிஎஃப்ஜி கோப்பில் மேனேஜ்_ஈடிசி_ஹோஸ்ட்ஸ்: ஃபால்ஸ் என்று வையுங்கள். பெயரே பழையபடி திரும்புகிறது என்றால் அங்கேயே பிரிசர்வ்_ஹோஸ்ட்நேம்: ட்ரூ. அமேசானின் மலேசிய மண்டலம் 2024 ஆகஸ்டில் திறந்தது. அங்கே கணினி எடுத்தவர்களுக்கு ‘ஐபி-10-0-1-5’ மாதிரிப் பெயரோடு இந்தப் பிழை வந்தால், விபிசி (மேகத்தில் உங்களுக்கான தனி நெட்வொர்க்) அமைப்பில் டிஎன்எஸ் ரெசல்யூஷன், டிஎன்எஸ் ஹோஸ்ட்நேம்ஸ் இரண்டும் இயக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸான டபிள்யூஎஸ்எல் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தானே எழுதிக்கொள்ளும். /ஈடிசி/டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பில் [நெட்வொர்க்] பகுதியில் ஜெனரேட்ஹோஸ்ட்ஸ்=ஃபால்ஸ் (நடுவிலுள்ள எச் பெரிய எழுத்து) என்று வைத்தவர்கள், விண்டோஸ் கணினியின் பெயரை மாற்றினால் இங்கேயும் கையால் மாற்ற வேண்டும். அதே பகுதியில் ஹோஸ்ட்நேம்= என்று ஒரு பெயரை நிலையாக வைத்துவிட்டால் அந்த வேலை மிச்சம். பிறகு பவர்ஷெல்லில் டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன். டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரலை அதன் சூழலோடு தனியாக ஓட்டும் பெட்டி) இந்தப் பிழைக்கு மல்லுக்கட்ட வேண்டாம்: டாக்கர் ரன் கட்டளையில் --ஹோஸ்ட்நேம் கொடுங்கள். உள்ளே போய், கோப்பு திருத்தும் எஸ்இடி -ஐ கட்டளை கொண்டு ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தப் பார்த்தால் ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்றே வரும், அந்தக் கோப்பு வெளியிலிருந்து பொருத்தப்பட்டது.

கட்டளையே ஓடாமல் போனால்

எச்சரிக்கையோடு நிற்காமல் ‘இஸ் நாட் அலவுட் டு ரன் சூடோ ஆன் கவுன்டர்3’ என்று வந்தால் விஷயம் வேறு. சூடோயர்ஸ் விதியில் ஆல் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ பழைய கணினிப் பெயரை எழுதியிருக்கிறார்கள். பெயர் மாறியதும் அந்த விதி செல்லாமல் போனது. ரூட் கடவுச்சொல் இருந்தால் ‘எஸ்யூ -’ போட்டு நுழையலாம். இல்லையென்றால் கணினியைத் தொடங்கும்போது எஸ்கேப் விசையை, பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்டை அழுத்தி, கிரப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் ரிக்கவரி மோட், அதில் ரூட். எழுத அனுமதி வேண்டும்:

மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /

அதன் பிறகு விசூடோ என்ற கட்டளையால் மட்டும் சூடோயர்ஸைத் திறங்கள். பிழையான இலக்கணத்தோடு சேமிக்கப் பார்த்தால் அது எச்சரிக்கும். நானோவில் நேராகத் திறந்தால் அந்தக் காவல் கிடையாது, ஒரு புள்ளி தவறினாலும் சூடோ பூட்டிக்கொள்ளக்கூடும். அங்கேயே ‘டிஃபால்ட்ஸ் !எஃப்க்யூடிஎன்’ என்று ஒரு வரி (முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து) எழுதி எச்சரிக்கையை அடக்கலாம் என்றும் சொல்வார்கள். முழுப் பெயர் வைத்து விதி எழுதாத இடத்தில் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் ஹோஸ்ட்ஸ் வரியைச் சேர்க்காமல் இதை மட்டும் செய்வது அரைகுறை வேலை: பெயருக்கு விடை கிடைக்காததால் ஜாவா நிரல்களும் மெயில் சேவையகமும் வேறெங்காவது தடுக்கி விழும்.

நகலெடுத்த டிஸ்க்குகளுக்கு

பெயரோடு வேலை முடிவதில்லை. கணினியின் தனி அடையாளம் இருக்கும் /ஈடிசி/மெஷின்-ஐடி எல்லாக் கணினியிலும் ஒன்றாகவே இருந்தால், உபுன்டு சேவையகங்கள் ரவுட்டரிடம் ஒரே அடையாளத்தோடு போய் ஒரே ஐபியை வாங்கிக்கொண்டு மோதும். அந்தக் கோப்பை ‘சூடோ ட்ரன்கேட் -எஸ் 0 /ஈடிசி/மெஷின்-ஐடி’ என்று வெறுமையாக்கிவிட்டு மறுபடி தொடங்கினால் புதியது உருவாகும். தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் சாவிகளும் நகல்தான்: /ஈடிசி/எஸ்எஸ்எச் அடைவில் எஸ்எஸ்எச்_ஹோஸ்ட்_ என்று தொடங்கும் கோப்புகளை நீக்கி, ‘சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்’ ஓட்டுங்கள்.

நிரல்களுக்கு இடையே செய்திகளை வரிசையில் வைத்து அனுப்பும் ரேபிட்எம்க்யூ ஓடும் கணினிக்கு மட்டும் வேலை நேரத்தில் பெயர் மாற்றாதீர்கள். தரவு வைக்கும் அடைவுக்கே அது கணினிப் பெயரைச் சூட்டுகிறது. பெயர் மாறியதும் வெற்று அடைவு ஒன்றைத் திறந்துகொண்டு, வரிசையில் இருந்த செய்திகள் எல்லாம் தொலைந்ததுபோல் காட்டும். பழைய பெயரை மீண்டும் வைத்துச் சேவையைத் தொடங்கினால் அவை திரும்பத் தெரியும்.